நின்றால் வரும் பச்சை

முதலில் தெரிந்தது தலையணையில்தான். தர்ஷினி பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. திருவள்ளூர் மணவாள நகரில் அம்மா வீட்டில் இருந்தேன். மதியம் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுப் படுத்தால் மூச்சு முட்டும். எழுந்து உட்கார்ந்தால் சரியாகிவிடும். ஒரு தலையணை போதாமல் இரண்டானது, பிறகு மூன்று. கடைசியில் சுவரில் சாய்ந்தபடியே கண்ணை மூடப் பழகினேன். பால் கொடுக்க வசதி என்று எல்லோரிடமும் சொன்னேன். நானும் அதை நம்பினேன்.

கால் வீங்கியது. செருப்பு வார் பதிந்த இடம் சாயங்காலம்வரை பள்ளமாகவே இருந்தது. அம்மாவிடம் காட்டினேன்.

"புள்ள பெத்த ஒடம்புடி, ஊதத்தான் செய்யும். உன்னப் பெத்தப்ப எனக்குக் காலு தூணாட்டம் இருந்துச்சு."

பால் போதாமல் குழந்தை அழுதாள். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறா கொடுப்பார்கள். அது அடைமழைக் காலம், பச்சை மீன் வரவில்லை. பழவேற்காட்டிலிருந்து வரும் சுறாக் கருவாட்டை அம்மா தினமும் சமைத்துப் போட்டாள். உப்பில் ஊறியது. நான் தட்டை வழித்துச் சாப்பிட்டேன். வீக்கம் முழங்கால்வரை ஏறியது. பார்க்க வந்தவர்கள், "ஒடம்பு நல்லாத் தேறியிருக்கு" என்றார்கள்.

அந்த உப்பு உடம்பில் நீரைத் தேக்கிவைத்தது என்று பிறகு தெரிந்தது. நோயைக் கொண்டுவந்தது கருவாடு அல்ல. உள்ளே இருந்ததை அது வேகப்படுத்தியது, அவ்வளவுதான். அம்மாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவள் இன்றுவரை வீட்டில் கருவாடு வாங்குவதில்லை.

ஒரு நாள் காலை குளியலறையிலிருந்து அறைக்கு வருவதற்குள் நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளூரில் வீசிங் என்றார்கள், ரத்தசோகை என்றார்கள். பிறகு சென்னைக்கு அனுப்பினார்கள். அந்த ஆஸ்பத்திரி நடைபாதையில் சக்கர நாற்காலியில் காத்திருந்தபோது, தூரத்தில் யாருடைய குழந்தையோ அழுதது. என் ரவிக்கை நனைந்தது. என் குழந்தை திருவள்ளூரில் இருந்தாள்.

எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் படம்பிடித்துப் பார்க்கும் சோதனை) எடுத்த பிறகு டாக்டர் அம்மா என் கணவரையும் உள்ளே அழைத்தார். பெரிபார்ட்டம் கார்டியோமயோபதி (பிரசவத்தையொட்டி இதயத் தசை தளர்ந்து, ரத்தத்தை வெளியே தள்ளும் பலம் குறைந்துபோவது) என்றார்.

"நான் என்ன தப்புப் பண்ணேன் டாக்டர்?"

"நீங்க எதுவும் பண்ணல. சிலருக்கு வருது. ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது."

"சரியாயிடுமா?"

"சிலருக்கு முழுசாச் சரியாகுது. சிலருக்குப் பாதி. நீங்க எந்தப் பக்கம்னு இப்பச் சொல்ல முடியாதும்மா."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் அதற்குப் பிறகு வாழ்ந்தேன். நீர் மாத்திரை (தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது), இதயத் துடிப்பைக் கட்டுக்குள் வைக்கும் மாத்திரை, உப்பில்லாத சோறு. தாய்ப்பாலை நிறுத்தச் சொன்னார்கள். இன்னொரு குழந்தை வேண்டாம் என்றார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றிலும் சந்தேகம் வந்தது. முன்பே சொல்லியிருந்தால்? கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டிருந்தால்? இதைப் படிக்கிறவர்களில் யாராவது இதே கேள்விகளில் உட்கார்ந்திருந்தால், நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: பதில் கிடைக்காது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்பதை மட்டும் டாக்டரிடம் உடனே சொல்லிவிடுங்கள்.

அடுத்த வருடம் கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். மாடிப்படிக்குக் கீழே கியர் சைக்கிள் நின்றிருந்தது.

அது என் கணவர் திருமணத்துக்கு முன் வாங்கியது. மலைப்பாதைக்கென்று செய்த வண்டி. தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங், கைப்பிடியில் கியர். அவர் உருக்காலையில் எலெக்ட்ரிக்கல் பராமரிப்பில் இருந்தார். கம்பெனி பஸ் வந்ததும் சைக்கிள் எனக்கு வந்தது. நான் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள், சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு பெயின்ட் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை. லாரிகள் தோண்டிப் போட்ட பள்ளங்களில் அந்த டயர்தான் தாங்கும். மேம்பாலத்தின் கீழே நாஷ்டா கடை வைத்திருக்கும் ராணியக்கா தினமும் கேட்பார்:

"இன்னாம்மா, இந்த ஊர்ல மலை எங்க கீதுன்னு இதுல போய்க்கினு கீறே?"

"மேம்பாலம் இருக்கேக்கா."

உண்மையும் அதுதான். எங்கள் ஊரில் இருக்கும் ஒரே ஏற்றம் ரயில் பாதைமேல் போகும் அந்தப் பாலம். சின்ன கியர் போட்டு, சீட்டிலிருந்து எழாமல் ஏறி இறங்குவேன். அப்போது அதில் பெருமைப்பட ஏதாவது இருக்கிறது என்று தெரியாது.

திரும்பி வந்ததும் சைக்கிளைத் துடைத்து, தெருவுக்குள் ஓட்டிப் பார்த்தேன். தெருமுனை வருவதற்குள் நெஞ்சு தொண்டைக்கு வந்துவிட்டது. காற்று குறைவு என்று நினைத்து டயரை அமுக்கிப் பார்த்தேன். கல்லாக இருந்தது.

வேலையை விட்டேன். தர்ஷினிக்கு எல்.கே.ஜி. சேரும் வயது வந்தது. பள்ளிக்கூடம் பாலத்துக்கு அந்தப் பக்கம். என் கணவருக்கு ஷிப்ட் வேலை. ஷேர் ஆட்டோவில் மற்றவர் மடியில் அவளை உட்காரவைத்து அனுப்ப மனம் வரவில்லை. மூன்று வருடம் மற்றவர்கள்தான் அவளைத் தூக்கினார்கள். பள்ளிக்கூடத்துக்காவது நான் கொண்டுபோய் விட வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

அப்போதுதான் பேட்டரி சைக்கிள்கள் கடைக்கு வர ஆரம்பித்திருந்தன. லைசென்ஸ் தேவையில்லை. பெடல் இருக்கும், ஆனால் மிதிக்க வேண்டாம். வலது கையைத் திருகினால் பின்சக்கர மோட்டார் இழுக்கும். டாக்டரிடம் கேட்டோம்; சமதளத்தில் நடக்க முடிகிறவர் இதை ஓட்டலாம் என்றார். எனக்கு மட்டும் சம்மதமில்லை.

"இன்னா இப்ப? கரண்ட் வண்டின்னா கேவலமா?" என்றார் கணவர்.

"கேவலம் இல்லீங்க. மிதிச்சா, எனக்கு எவ்ளோ தேறியிருக்குன்னு தெரியும். இதுல போனா வண்டி இழுக்குதா, நான் இழுக்கறேனான்னே தெரியாது."

அவர் மாடிப்படிக்குக் கீழே நின்ற கியர் சைக்கிளைப் பார்த்தார். "பழச விக்க மாட்டேன், கவி. அது அங்கியே நிக்கட்டும். நீ எப்ப வேணா எடுத்துக்க."

பேட்டரி சைக்கிள் வந்தது. பின்னால் குழந்தைக்குப் பெல்ட் வைத்த நாற்காலி மாட்டினோம். முதல் நாள் சத்தமே இல்லாமல் அது நகர்ந்தபோது தர்ஷினி சிரித்தாள். எனக்கு யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் கூச்சமாக இருந்தது. ராணியக்கா கடையிலிருந்து கத்தினார்:

"பேஜாரே இல்லாத வண்டி! வயசுப் பொண்ணு, மிதிக்கறதுக்குக்கூட சோம்பலா?"

சிரித்துவிட்டுப் போனேன். வெளியே தெரியாத நோய் இது. கட்டு இல்லை, தழும்பு இல்லை. இதயம் சரியில்லை என்று நாஷ்டா கடை முன்னால் நின்று எப்படிச் சொல்வது?

கைப்பிடியில் பேட்டரியைக் காட்டும் மூன்று விளக்குகள்: பச்சை, மஞ்சள், சிவப்பு. சமதளத்தில் பச்சை. பாலம் ஏறும்போது மஞ்சளாகும், பாதியில் சிவப்பாகிவிடும். நிறுத்தி ஓரமாக நின்றால் கொஞ்ச நேரத்தில் மறுபடி பச்சை. தர்ஷினி இதை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொண்டாள். "அம்மா, பச்சை வந்துச்சு, போ!" என்று பின்னாலிருந்து உத்தரவு போடுவாள்.

ஒருநாள் கணவரிடம் கேட்டேன்.

"ஏத்தத்துல லோடு விழும்போது வோல்டேஜ் எறங்கும். நின்னா ஏறும். நிக்கும்போது வர்ற பச்சைய நம்பாத. உள்ள எவ்ளோ இருக்குன்னு ஏத்தத்துலதான் தெரியும்" என்றார். வேலையில் இருக்கிறவர்களிடம் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, டீயைக் குடித்தார். எனக்கு அது வண்டியைப் பற்றியதாக மட்டும் கேட்கவில்லை.

அந்த ஆண்டு மின்வெட்டு அதிகம். எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாது. சார்ஜரை மாட்டிவிட்டு, அதன் சின்ன விளக்கு அணைகிறதா என்று பார்த்துக்கொண்டே சமைப்பேன். "வள்ளூர்ல பெருசா கரண்ட் ஸ்டேஷன் கட்றாங்கல்ல, முடிஞ்சதும் மொதல் கரண்ட் உன் வண்டிக்குத்தான்" என்று கணவர் கேலி செய்வார்.

அதே சமயம் எடுத்த எக்கோவில் நல்ல முன்னேற்றம் என்றார் டாக்டர். சந்தோஷப்பட்டால் அது கலைந்துவிடும் என்று பயம். மறுநாள் கணவரிடம் சொல்லிக் கியர் சைக்கிளுக்குக் காற்றடிக்க வைத்தேன். ஓட்டவில்லை. அது தயாராக நிற்கட்டும் என்று நினைத்தேன்.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. முந்தைய நாள் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. காலையில் விளக்கு பச்சை காட்டியது, கிளம்பினோம். பாலத்தில் வழக்கத்துக்கு முன்பே சிவப்பு வந்தது. நின்றோம், பச்சை வந்தது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சிவப்பு. நின்றோம். மூன்றாவது முறை பச்சை வந்தும் மோட்டார் ஒரு முறை முனகிவிட்டு அடங்கியது.

பெடல் இருக்கிறதே, எக்கோவும் நன்றாக இருக்கிறதே என்று மிதித்தேன். பேட்டரி செத்த அந்த வண்டி, கியர் சைக்கிளைவிட இரண்டு மடங்கு கனம். நாலைந்து மிதிக்குள் காதுக்குள் என் துடிப்பே கேட்டது. இறங்கித் தள்ளினேன். வண்டி பின்னோக்கி இழுத்தது, பின்னால் குழந்தை. பிரேக்கைப் பிடித்தபடி நின்றேன். பக்கத்தில் லாரிகள் உரசிக்கொண்டு போயின. சைக்கிளில் போன ஒருவர், "பெடல் இருக்குதில்ல, மிதிம்மா!" என்று சொல்லிக்கொண்டே ஏறிப்போனார். கணவர் ஆலைக்குள் இருந்தார். உள்ளே போன் எடுக்க மாட்டார்கள். முன்னே போக முடியவில்லை, பின்னே இறங்க முடியவில்லை. அந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடத்தின் மொட்டைமாடி தெரிந்தது. பிள்ளைகள் பிரார்த்தனை பாடும் சத்தம் காற்றில் வந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கீழேயிருந்து ராணியக்கா கைகளைத் துடைத்துக்கொண்டே ஏறி வந்தார்.

"இன்னா, ஏத்தத்துல நின்னுக்கினு வேடிக்க பாக்கறே..." என்று ஆரம்பித்தவர், அருகில் வந்ததும் நிறுத்தினார். "மூஞ்சி ஏம்மா இப்டி வேர்த்துக் கீது?"

"அக்கா, எனக்கு இதயம் பலவீனம். மிதிக்க முடியாது."

அவர் வண்டியை வாங்கிச் சுவரில் சாய்த்தார். "இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? நான் பாட்டுக்கு உன்னக் கலாய்ச்சினு கீறேன், நீயும் சிரிச்சினே போறே." பிறகு தர்ஷினியின் பெல்ட்டை அவிழ்த்தார். "வா கண்ணு, நாம நடந்தே போலாம். அம்மா இங்க ஒக்காரட்டும்."

தர்ஷினி வரவில்லை. "அம்மாக்குப் பச்சை வரட்டும்" என்றாள்.

"வண்டி விளக்குதானே? அது வந்துடுச்சு, பாரு" என்றேன்.

அவள் விளக்கைப் பார்க்கவில்லை. என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். மூன்று வருடமாக எத்தனையோ பேர் அங்கே கருவி வைத்துக் கேட்டிருக்கிறார்கள். அவள் கை சூடாக இருந்தது.

"இங்க வந்துச்சா?"

"வந்துடுச்சு. நீ போயிட்டு வா."

அவள் ராணியக்காவின் விரலைப் பிடித்துக்கொண்டு ஏறிப்போனாள். இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். நான் கட்டைச் சுவரில் உட்கார்ந்து கையாட்டினேன்.

அடுத்த சோதனையின்போது டாக்டரிடம் இதைச் சொன்னேன். "எக்கோ நீங்க படுத்திருக்கும்போது எடுக்கறதும்மா" என்றார் மெதுவாக. முன்னேற்றம் உண்மைதான், எல்லையும் உண்மைதான் என்றார். மாத்திரையை மாற்றினார். நான் எந்தப் பக்கம் என்று இன்றும் அவர் சொல்லவில்லை.

இப்போதும் அதே வண்டிதான். புதுப் பேட்டரி போட்டிருக்கிறோம். பாலத்தை ஒரே மூச்சில் ஏறிவிடும். ஆனாலும் பாதியில் நிறுத்துகிறேன். சிவப்பு வராவிட்டாலும் நிறுத்துகிறேன். முன்பெல்லாம் பாலம் என்பது வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் கடந்துபோகிற ஒன்று. இப்போது காலைப்பொழுதில் பாதி அந்த இடத்தில் இருக்கிறது. கீழே ஒரு ரயில் போகும். என் துடிப்பு காதிலிருந்து இறங்கி, நெஞ்சுக்குத் திரும்பி, பிறகு கேட்காமல் போகும். தர்ஷினி பின்னாலிருந்து என் முதுகில் கைவைத்துக் காத்திருக்கிறாள். வந்துவிட்டது என்று நான் சொன்னால் நம்புகிறாள்.