ஐந்தாவது குருவி

படம் ஓட்டுகிறவன் முகத்தை யாரும் பார்த்ததில்லை. படம் அறுந்தால் மட்டும் கொட்டகையே திரும்பிப் பார்க்கும். ஐம்பதுகளின் கடைசியில் தென்காசியில் ஆபரேட்டராக இருந்தேன். அன்று விசிலடித்தவர்களில் நீங்களும் இருந்திருப்பீர்கள், போகட்டும்.

குருவிக் கணக்கு

ஒரு ஜெயில் படம் மூன்று வாரம் ஓடியது. கதாநாயகன் பொய் சொன்னால் பூட்டைக் காட்டுவார்கள். மனம் திருந்தினால் சன்னல் கம்பியில் ஒரு குருவி வந்து உட்காரும். எண்ணினேன்: பூட்டு ஒன்பது, குருவி ஐந்து. நான்கு முறை உட்காரும். ஐந்தாவது முறை வெளியே பறக்கும். அவனுக்கு விடுதலை.

குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்த ஒருவரிடம் கூச்சத்தோடு இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "குருவியவா எண்ணுதீரு? அந்த டான்ஸ்காரி எத்தன தடவ வாரா, அதச் சொல்லும்வே!"

தலைகீழ்

சுரண்டையிலிருந்து சண்முகத்தாய் என்ற பெண் தொடர்ந்து மூன்று நாள் மாலைக் காட்சிக்கு வந்தாள். வாய்க்கால் தகராறில் அடிதடியாகி, கணவன் ஆறு மாதமாக உள்ளே இருந்தான். வெள்ளிக்கிழமை விடுதலை. குருவி பறந்தால் அவன் வந்துவிடுவான் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டிருந்தாள். டிக்கெட் கிழிப்பவர் வந்து என்னிடம் சொன்னார்.

வியாழக்கிழமை சரியாக அந்த இடத்தில் படம் அறுந்தது. கிழிசலை வெட்டியதில் குருவித் துண்டு, இரண்டு முழம், தனியாகக் கையில் வந்துவிட்டது. கீழே விசில். அவசரத்தில் முனை மாற்றி ஒட்டிவிட்டேன். குருவி தலைகீழாக, வாலை முன்னால் விட்டுக்கொண்டு, பின்னோக்கிப் பறந்து சிறைக்குள் நுழைந்தது.

காட்சி முடிந்ததும் சண்முகத்தாய் என் மாடிப்படியில் நின்றாள். கண் கலங்கியிருந்தது. "வெளிய போற குருவிய ஏன் அண்ணாச்சி உள்ள அடைச்சிய?"

பல்பு வெளிச்சத்தில்

அவளை உள்ளே கூப்பிட்டேன். ஒட்டைப் பிரித்து, துண்டை நேராக்கி, பல்புக்கு நேரே பிடித்துக் காட்டினேன். கட்டம் கட்டமாகக் குருவி. விரல் வைத்து எண்ணிக்காட்டினேன். கூடவே எண்ணி முடித்தவள் முகம் தெளிந்தது. "நாப்பத்தெட்டும் வெளியதான பாக்குது! அப்ப வந்துருவாவ."

உள்ளே இருந்தவர் சொன்னது

சனிக்கிழமை கணவனோடு வந்தாள். குருவி ஒழுங்காக வெளியே பறந்தது. காட்சி முடிந்ததும் அவரிடம், "நிஜத்திலும் சன்னலுக்குக் குருவி வருமா?" என்று கேட்டேன்.

அவர் முதுகைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "குருவி ஒண்ணும் வரல அண்ணாச்சி, மூட்டப்பூச்சிதான். அதும் உங்க பெஞ்சு அளவுக்கு இல்ல."

பூட்டு ஒன்பது, குருவி ஐந்து என்று தவறாமல் எண்ணிய நான், எங்கள் பெஞ்சு மூட்டைப்பூச்சியை மட்டும் எண்ணாமல் விட்டிருக்கிறேன்.