நான்கு நிமிடம் நடந்த அழகிரிசாமி

பிரவீனாவைப் பற்றி எழுதப் போனால் முதலில் நஞ்சுண்டனைத் திட்டாமல் தொடங்க முடியவில்லை. அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. அவர் மார்பு முடியை மழித்து, பத்து இடத்தில் பசைவில்லை ஒட்டி, வயரை மாட்டியவன் நான். அவ்வளவு நேரமும் என்னிடம் அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"எந்தூரப்பா நீ? ஊருக்குள்ள எந்தப் பக்கம்?"

எந்தப் பக்கம் என்று எதற்குக் கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். எங்கப்பா காலம் முழுக்க இந்தக் கேள்விக்குக் கைகட்டிப் பதில் சொன்னவர். நான் சொல்லவில்லை. "கோயமுத்தூருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ரேசரைக் கழுவப் போனேன்.

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனை. இதய நோயாளிகளை ஓடுபட்டையில் நடக்கவிட்டுப் பார்க்கும் டிஎம்டி அறையில் நான் உதவியாள், பெயர் சுப்பையன். பட்டை மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகம் கூடும், மேடாகவும் ஏறும். நோயாளி நடக்க நடக்க இதயத்தின் கோடு திரையில் ஓடும். அதை இயக்குபவள் பிரவீனா. முப்பத்தொரு வயது. சூலூர்ப் பக்கத்து ஊரிலிருந்து தினமும் காலை ஏழு இருபது பஸ்ஸில் வருவாள். மற்றவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவள் திரையை ஒரு பார்வை, நடப்பவரின் உதட்டை இரண்டு பார்வை பார்ப்பாள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் "நெஞ்சு வலிக்குதுங்களா?" என்ற கேள்வியை மட்டும் நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பாள். எங்கள் ஜனத்துக்கு மரியாதை அதிகம் பாருங்கள், நெஞ்சு வெடித்தாலும் "பரவால்லீங்க" என்றுதான் சொல்லும். அந்தப் பரவால்லீங்கவில் எத்தனை வகை உண்டு என்று அவளுக்குத் தெரியும்.

பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நஞ்சுண்டன் வந்தார். அறுபத்து மூன்று வயது. இருபத்திரண்டு வருடமாக வெள்ளியங்கிரி மலைக்கோயிலுக்கு ஏறுகிறவர். இந்த வருடம் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிறது என்று பார்த்த மகன் அருள்குமார், "ரிப்போர்ட் நல்லா வந்தாத்தான் மலை" என்று பிடித்து இழுத்து வந்திருந்தான். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை ஏழு மலையும் ஏறுவது என்பது அவர் முடிவு.

அறைக்குள் வந்தவர் பிரவீனாவைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அவள் முகமும் சுருங்கிப்போனது.

பங்காளி மகள். அவள் அப்பா அழகிரிசாமியும் இவரும் அண்ணன் தம்பி பிள்ளைகள். முறைக்கு இவர் அவளுக்குப் பெரியப்பா. தோட்டத்துக்குப் போகும் வண்டித்தடம் யாருக்கு என்பதில் பத்தொன்பது வருடமாகப் பேச்சில்லை. நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்தும் இல்லை. ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் நடுவில் ஒரு ஆளை வைத்துச் சொல்வார்கள். எதிரில் நின்றுகொண்டே "அவங்ககிட்டச் சொல்லுங்க" என்பார்கள். ஆள் இல்லாவிட்டால் மாட்டைப் பார்த்துச் சொல்வார்கள். அன்றைக்கு அந்த அறையில் மாடு நான்தான்.

"வேற நாள் வரலாமுங்கப்பா" என்றான் அருள்குமார்.

"எதுக்கு? இவங்களுக்குப் பயந்துக்கிட்டு நஞ்சுண்டன் திரும்பிப் போனான்னு ஊருல பேசறதுக்கா? பட்டைய ஓடவுடச் சொல்லு."

டாக்டர் கிருபாசங்கர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பட்டை ஓடியது. முதல் நிமிடத்தில் பிரவீனா கேட்டாள்:

"நெஞ்சு வலிக்குதுங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். "இல்லீன்னு சொல்லு."

இரண்டாவது நிமிடம். "மூச்சு வாங்குதுங்களா?"

"அவங்கொப்பனுக்கு வாங்குமா இருக்கும்னு சொல்லு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டையோடு சேர்த்து ஆளைத் தூக்கி வெளியே போடலாம் போல இருந்தது. ஐந்தாவது நிமிடத்தில் மேடு கூடியிருந்தது. ரத்த அழுத்தம் பார்க்க அவர் கையை அவள் பிடித்தாள், அவர் உதறினார். நான்தான் பிடித்துக் கொடுத்தேன். ஏற வேண்டிய அழுத்தம் ஏறவில்லை. திரையில் கோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. உதடு வெளுத்திருந்தது.

"வலி இருக்குதுங்களா சார்?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமே இல்லீங்க டாக்டர். நெம்பச் சுகமா இருக்குது."

டாக்டர் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "சந்தேகமாத்தான் இருக்கு. இன்னும் அரை நிமிஷம் பார்ப்போம். கோடு இன்னும் இறங்குனா நிறுத்திடுங்க."

நிறுத்தலாம். பொத்தான் அவள் விரலடியில்தான் இருந்தது. ஆனால் அவள் நிறுத்தினால் என்ன நடக்கும் என்று எனக்கே தெரிந்தது. பங்காளி மகள் வேண்டுமென்றே கெடுத்தாள் என்று ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு அந்த மனிதர் மலைக்குப் போவார். வலிக்கிறது என்று அவர் வாயால், மகன் காதில் விழச் சொன்னால்தான் உண்டு. அவளுக்கு இருந்தது அரை நிமிடம்.

பிரவீனா என் பக்கம் திரும்பினாள்.

"சுப்பண்ணா, போன மாசம் எங்கப்பா இங்க நடந்தாருங்களே, ஞாபகம் இருக்குதா? நாலு நிமிஷம் முழுசா நடக்கல. நெஞ்சு வலிக்குது நிறுத்துன்னு கத்திப்போட்டாரு."

அழகிரிசாமி அந்த அறைக்கு வந்ததே இல்லை. எனக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆமாங்கம்மணி, கைப்பிடிய உட்டுப்போட்டு உழுகப் பாத்தாரு. நான்தான் இடுப்பப் புடிச்சுத் தூக்கினேன்."

நஞ்சுண்டனின் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக ஒரு சந்தோஷம் தெரிந்தது.

"எத்தனை நிமிஷமப்பா?"

"நாலுகூட இல்லீங்க."

"எனக்கு எத்தனை ஆச்சு?"

"அஞ்சரைங்க."

இரண்டு எட்டு வைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "அப்ப நிறுத்தச் சொல்லு. நெஞ்ச அடைக்குது. ரெண்டாவது நிமிஷத்துல இருந்தே அடைக்குது."

அருள்குமார் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

அன்று மாலையே படுக்க வைத்தார்கள். இரண்டு குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்றாவது சின்னக் குழாய், அதை மருந்தில் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் ஆறு மாதத்தில் மறுபடி நடக்கவைத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். மலை ஏறியிருந்தால் மூன்றாவது மலை தாண்டியிருக்க மாட்டார் என்று மகனிடம் தனியாகச் சொன்னார். பிரவீனாவுக்கு யாரும் ஒரு நன்றி சொல்லவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை, அடுத்த ஆளுக்குப் பேப்பர் மாற்றிக்கொண்டிருந்தாள்.

உடம்பு தேறிய மனிதர் செய்த முதல் வேலை, ஊர் பேக்கரியில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அழகிரிசாமி கதையைச் சொன்னதுதான். "நான் அஞ்சரை. அவன் நாலுகூட இல்ல. கத்தியிருக்கறான். ஆளப் புடிச்சுத் தூக்கியிருக்கறாங்க." ஒரே வாரத்தில் ஊர் முழுக்கப் பரவியது. அழகிரிசாமி கொதித்துப்போய் பேக்கரிக்குப் போய், "நான் அந்த ஆஸ்பத்திரி வாசலயே மிதிச்சதில்ல" என்று கத்தியிருக்கிறார். "உங்க மகளே சொன்னாங்களாமாங்க. தூக்கின ஆளும் சொன்னானாமா" என்று சிரித்திருக்கிறார்கள். அந்தத் தூக்கின ஆள் நான். என் நாக்கை அறுத்துப் போடலாம்.

வீட்டுக்கு வந்த அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "நீ சொன்னயா?" இவள் "சொன்னேனுங்க" என்றாள். அதோடு அவர் பேச்சை நிறுத்திவிட்டார். இப்போது அந்த வீட்டில் நடுவில் நிற்கும் ஆள் அம்மா வள்ளியாத்தாள். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், "அவளுக்குக் குழம்பு வேணுமான்னு கேளு" என்கிறாராம், இரண்டடி தூரத்தில் இருக்கும் மகளைப் பார்க்காமல்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளைப் பிடித்தேன். "உண்மையச் சொல்லிப்போடம்மணி. உசுரக் காப்பாத்தச் சொன்ன பொய்யின்னா அப்பா புரிஞ்சுக்குவாருங்க" என்றேன்.

"அவரு புரிஞ்சுக்குவாருங்கண்ணா. புரிஞ்சதும் நேரா பேக்கரிக்குத்தான் போவாரு." டிபன் பாக்ஸை மூடினாள். "பெரியப்பா காதுக்குப் போயிருச்சுன்னா அடுத்த தடவ வலிச்சாலும் சொல்ல மாட்டாரு. இன்னொரு குழாய் பாக்கி கெடக்குது."

சரி, அது அவர்கள் வீட்டு விஷயம் என்று விட்டிருக்கலாம். விட முடியவில்லை. ஆறு மாதமும் அவள் மதியம் தனியாகச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த இரண்டு கிழவர்களையும் ஒரே பட்டையில் ஏற்றி ஓடவிட வேண்டும் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன்.

ஐப்பசியில் நஞ்சுண்டன் மறுபடி வந்தார். முகம் தெளிந்திருந்தது, திமிரும் கூடியிருந்தது. பிரவீனாவை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. வயரை மாட்டி முடித்ததும் கைப்பிடியில் கை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"ஏப்பா, அந்தப் புள்ளையக் கேளு. அவங்கொப்பன் இப்ப எத்தனை நிமிஷம் நடக்கறானாமா?"

நான் பிரவீனாவைப் பார்த்தேன். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினேன். முந்தின நாள்தான் சொல்லியிருந்தாள், தீபாவளிக்குத் துணி எடுக்கும்போது அப்பா அவளுக்கும் சேர்த்து எடுத்து அம்மா கையில் கொடுத்தாராம். கொஞ்சம் இறங்கி வருகிறார் போல என்று சிரித்திருந்தாள்.

அவள் பொத்தானில் விரலை வைத்தாள். திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மூணுன்னு சொல்லுங்கண்ணா."

சொன்னேன். நஞ்சுண்டன் சிரித்துக்கொண்டே நடக்க ஆரம்பித்தார். நான்காவது நிமிடத்தில், யாரும் கேட்காமலே, "லேசா வலிக்குது, நிறுத்தச் சொல்லு" என்றார்.

அன்று மாலை அவர் மகனோடு காரில் போனார். பிரவீனா சூலூர் பஸ்ஸுக்குப் போனாள். கார்தான் முதலில் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.