நார்வே வண்டியின் காய்ச்சல் சார்ட்

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் எங்களுக்கு என்று ஒரு லீவு இருந்ததில்லை. வருஷா வருஷம் ஊருக்குப் போய்வருகிறீர்களே, அது லீவு இல்லையா என்று கேட்பார்கள். போனோம், இல்லை என்று சொல்லவில்லை. ஒரு தடவை நாத்தனார் கல்யாணம், ஒரு தடவை அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், இன்னொரு தடவை மாமியார் வீட்டு மாடிக்குக் கான்கிரீட். நாலு வீட்டுக்குச் சாப்பிடப் போனால் ஐந்தாவது வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். அந்த ஐந்தாவது வீட்டைச் சமாதானம் செய்வதற்குள் முப்பது நாளும் தீர்ந்துவிடும். ஷார்ஜா ஆஸ்பத்திரியில் டூட்டிக்குத் திரும்பி, நர்ஸ் ஸ்டேஷன் நாற்காலியில் உட்காரும்போதுதான் எனக்கு மூச்சு வரும்.

அதனால் என் வீட்டுக்காரர், "இந்த வட்டம் ஊருக்குப் போவண்டாம். நம்ம ரெண்டுபேரும் வண்டியில சலாலா போவோம்" என்று சொன்னபோது நான் சண்டைக்குப் போகவில்லை. ஜூலையில் வளைகுடா முழுக்க வெந்துகொண்டிருக்கும்போது ஓமானின் அந்த ஓரத்தில் மட்டும் சாரல் அடிக்கும். போனால் போதும் என்றுதான் எனக்கும் இருந்தது. போகிற வண்டியைப் பார்த்த பிறகுதான் சண்டை வந்தது.

அவர் ஏசி டெக்னீஷியன். நாள் முழுக்க அடுத்தவர்களுடைய சர்க்யூட் போர்டோடு மல்லுக்கட்டுகிறவர், தனக்கு என்று வாங்கும்போது கம்ப்யூட்டரே இல்லாத வண்டிதான் வேண்டும் என்றார். பாலைவனத்தின் நடுவில் நின்றால் ஒரு ஸ்பானரை வைத்தே சரிசெய்ய வேண்டுமாம். அப்படித் தேடித் தேடி, நார்வேயில் ஒரு ரிட்டயரான வாத்தியாரிடமிருந்து முப்பது வயது தாண்டிய ஒரு டீசல் ஃபோர் வீலரை வாங்கினார். அந்த வயசு வண்டியைக் கிளாசிக் என்று பதிவுசெய்துகொள்ளலாம் என்பது அவர் கண்டுபிடித்த வழி. கப்பலில் வந்து இறங்கியபோது பேப்பர் வேலை பார்த்த ஏஜென்ட் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இதையா அவ்வளவு தூரத்துலருந்து கொண்டாந்தீங்க?" என்று கேட்டார். எனக்கு அந்த ஏஜென்டை மிகவும் பிடித்துப்போயிற்று.

வண்டியில் ஏசி கிடையாது. ஹீட்டர் மட்டும் பிரமாதமாக வேலைசெய்தது. ஏசிக்காரர் வீட்டு வண்டியில் ஏசி இல்லை என்றால் ஷார்ஜா முவைலாவில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்து வாட்ச்மேன்கூடச் சிரிப்பார். "நீங்களே ஒண்ணு வச்சா என்ன?" என்று கேட்டதற்கு, "மொதல்ல எஞ்சின் செட் ஆவட்டும்" என்றார். அதிலும் ஒரு நியாயம் இருந்தது. எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது.

ஹைவேயில் ஏறி இருபது நிமிஷம் ஓடினால் போதும், எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடும். முதல் கராஜில் தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள். இரண்டாவது கராஜில் வாட்டர் பம்பை மாற்றி, ரேடியேட்டருக்குள் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள். முள் அதே இடத்துக்குத்தான் போனது. மூன்றாவது கராஜில் ஃபோர்மேன் பானெட்டைத் திறந்தார், மூடினார், என்னை ஒரு ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரரிடம் மட்டும் பேசினார்.

"பாய், யே டண்டா முல்க் கா காடி. இதர் நஹீ சலேகா. எஞ்சின் பதல் தோ."

குளிர்நாட்டு வண்டி, இங்கே ஓடாது, எஞ்சினை மாற்று என்கிறார். நார்வேயில் பிறந்தது அதன் குற்றமா? இந்த ஊரில் எதற்கும் முதலில் கேட்கிற கேள்வி, வளைகுடாவுக்கென்றே செய்ததா, வெளிநாட்டுக்குச் செய்ததா என்பதுதான். வெளிநாடு என்றால் அத்தோடு கலாஸ், கதை முடிந்தது. எனக்கு வந்ததே ஒரு வெப்ராளம்! நானும்தான் மழை ஊரில் பிறந்து இந்த வெயிலில் பதினெட்டு வருஷம் ஓடிக்கொண்டிருக்கிறேன், யாரும் எனக்கு எஞ்சின் மாற்றவில்லை.

அன்று சாயங்காலமே நாத்தனார் போன் செய்தாள். "மைனி, ஜூலை கடைசியில பால்காய்ப்பு. ஒங்க ரெண்டுபேருக்கும் லீவு ஒண்ணா கெடச்சிருக்காம்லா? வராம இருந்திராதிய, கேட்டியளா." புது வீட்டுக்குப் பால்காய்ப்பு என்றால் ஒரு நாள் வேலையா? முன்னால் பத்து நாள், பின்னால் பத்து நாள். எங்கள் லீவு அதில் கரைந்துவிடும் என்று எனக்குத் தெரியாதா?

ஆனாலும் கொதிக்கிற வண்டியில் ஆள் அரவமில்லாத ஓமான் பாலைவனத்தைத் தாண்ட நான் தயாராக இல்லை. வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்: "வெள்ளிக்கிழம வரைதான். அதுக்குள்ள இந்த வண்டி ஜெபல் ஜெயிஸ் மல ஏறிட்டுன்னா சலாலா. ஏறலன்னா சனிக்கிழம காலையில ஊருக்கு டிக்கெட்." அவர் தட்டில் இருந்த மீனை முள் எடுக்காமலே பிசைந்துகொண்டிருந்தார். பாவமாக இருந்தது. எனக்காகவும் பாவமாக இருந்தது.

ஆறு நாள் இருந்தது. மெக்கானிக்குகள் செய்ததையெல்லாம் செய்து பார்த்தாயிற்று, இனி எனக்குத் தெரிந்ததைச் செய்வோம் என்று ஒரு நோட்டை எடுத்தேன். வார்டில் காரணம் தெரியாத காய்ச்சல் என்றால் நாங்கள் முதலில் செய்வது சார்ட் போடுவது. மணி, வேகம், வெளிச்சூடு, ஹீட்டர் போட்டதா இல்லையா, முள் எங்கே. அந்த முள்ளுக்கு எண் கிடையாது, நானே பத்துக் கோடாகப் பிரித்துக்கொண்டேன். டூட்டி முடிந்து தினமும் அரைமணி நேரம் எமிரேட்ஸ் ரோட்டில் ஓடினோம். எஞ்சின் சூட்டை இறக்க ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டால் முள் அரைக்கோடு இறங்கும். ஜூலை மாதம், ஏசி இல்லை, காலடியில் ஹீட்டர். பக்கத்து லேன்காரர்கள் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே! என் வீட்டுக்காரர் துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு ஓட்டினார். நான் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை காலை சாயா குடித்துக்கொண்டே ஐந்து பக்கத்தையும் வரிசையாகப் பார்த்தேன். ஒரு விஷயம் உறுத்தியது. சிக்னலில் நிற்கும்போது முள் எப்படி ஏறுகிறதோ, தொண்ணூறில் போகும்போதும் அப்படித்தான் ஏறுகிறது. அவ்வளவு காற்று முகத்தில் அடித்தும் ஒரு கோடுகூடக் குறையவில்லை. எமர்ஜென்சியில் காய்ச்சல் பிள்ளையைக் கொண்டுவரும் அம்மாமார்கள் ஸ்வெட்டர் போட்டு, தொப்பி போட்டு, அதற்குமேல் கம்பளியும் சுற்றித்தான் கொண்டுவருவார்கள். அந்தப் பிள்ளையை ஏசிக்கு நேரே வைத்தாலும் சூடு இறங்காது. ஊசி மருந்துக்கு முன்னால் கம்பளியை உருவுவதுதான் எங்கள் வேலை.

"இஞ்ச பாருங்க," என்றேன். "இதுக்குக் காத்தே படல்ல. யாராம் போத்தி விட்டிருக்காவளா?"

கேலியாகத்தான் சொன்னேன். அவர் சாயா கிளாஸை வைத்துவிட்டு என் நோட்டை வாங்கிப் பார்த்தார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம். பிறகு டிஷ்யூ பெட்டியிலிருந்து ஒரு தாளை உருவிக்கொண்டு, செருப்பு மாட்டாமல் கீழே ஓடினார். அது அவருடைய தொழில் வித்தை. ஏசி காற்றை இழுக்கிறதா என்று பார்க்க கிரில்லில் தாளை வைப்பார்கள், இழுத்தால் ஒட்டிக்கொள்ளும். வண்டியை ஸ்டார்ட் செய்து முன்கிரில்லில் தாளை வைத்தார். தாள் மேலே மட்டும் கொஞ்சம் ஒட்டியது. கீழே வைத்தபோது நழுவி மண்ணில் விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது.

கிரில்லைக் கழற்ற பத்து நிமிஷம் ஆயிற்று. உள்ளே கறுப்பு வலை, வலைக்குப் பின்னால் அதே கறுப்பில் கனமான ஒரு ரெக்ஸின் துணி. பட்டன் வைத்து, கயிறு கட்டி, ரேடியேட்டரின் முக்கால் பாகத்தை அழகாக மூடியிருந்தது. ஓரத்தில் கையால் போட்ட தையல். அந்த நார்வே வாத்தியார், பனியில் எஞ்சின் குளிர்ந்துபோகக் கூடாது என்று வண்டிக்குப் போர்வை போர்த்தி வைத்திருக்கிறார், அதை எடுக்காமலே எங்களுக்கு அனுப்பியும் இருக்கிறார். மூன்று கராஜிலும் மண்டை இருந்தது, கை இருந்தது. காற்றை வேண்டுமென்றே ஒரு மனிதன் அடைப்பான் என்று இந்த ஊரில் யாருக்குத்தான் தோன்றும்?

"ஏசி வச்சிருந்தா கண்டென்சர் மாட்ட மொத நாளே கிரில்லக் கழத்தியிருப்பேன்," என்றார் அவர், தரையில் உட்கார்ந்தபடி.

"நான் மொத நாளே சொன்னம்லா ஏசி வைக்கணும்னு?"

"சொன்ன, சொன்ன." சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சவத்த விடு. வா, மலைக்குப் போவோம்."

காத்திருந்து வெயில் தாழப் போகலாம் என்றார். நான் சம்மதிக்கவில்லை. பரீட்சை என்றால் பரீட்சை, உச்சி வெயிலில்தான். ராஸ் அல் கைமா தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும்போது மணி பன்னிரண்டரை. ஹீட்டரை மூடினோம். கண்ணாடியை இறக்கினோம். முள் ஐந்தாவது கோட்டில் நின்றது. ஏற்றம் தொடங்கியது, முள் ஐந்து. வளைவுக்கு வளைவு நான் எழுதினேன்: ஐந்து, ஐந்து, ஐந்தரை. ஆண்டவரே, ஆறு மட்டும் ஆகக் கூடாது. அடுத்த வளைவில் திரும்பவும் ஐந்து. வெள்ளை வெள்ளையாகப் புது வண்டிகள் எங்களைத் தாண்டிப் போயின. போகட்டும், எங்களுக்கு என்ன அவசரம்? முப்பது வயதுக்காரன் இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டே ஒரே மூச்சில் உச்சிவரை ஏறினான். வண்டியை ஆண்பாலாக நான் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

மேலே போய் நிறுத்தி இறங்கினோம். காற்று குளிர்ச்சியாக இருந்தது. என் வீட்டுக்காரர் பானெட்டில் கையை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "நர்ஸம்மா, டிஸ்சார்ஜ் பண்ணலாமா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கேயே நின்று நாத்தனாருக்குப் போன் போட்டேன். பால்காய்ப்புக்கு வரமுடியாது, நாங்கள் சலாலா போகிறோம் என்றேன். அவள் நொடித்தாள், கேட்டுக்கொண்டேன். காரணம் ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் லீவு தரவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், அதற்குக்கூட மனம் வரவில்லை.

அடுத்த வாரமே அவர் கையாலேயே வண்டியில் ஏசி பொருத்தினார். அதற்கு அடுத்த வாரம் அல் ஐன் தாண்டி ஓமான் எல்லைக்குப் போய் நின்றோம். சுங்கத்தில் இருந்தவர் எங்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், பின்கதவைத் திறக்கச் சொன்னார். எங்களைப் போன்றவர்கள் எல்லையில் பெட்டியோடு நின்றால் உள்ளே சொந்தக்காரர்களுக்கான சோப்பும் தைலமும் போர்வையும் இருக்கும் என்று அவருக்குத் தெரியும், எத்தனை பேரைப் பார்த்திருப்பார்! எங்கள் வண்டியிலோ ஒரு மெத்தை, காஸ் அடுப்பு, இரண்டு தட்டு, இரண்டு நாற்காலி, ஒரு டப்பா நிறையக் கருவாடு.

"திஸ் ஆல் ஃபார் ஹூ?" என்று கேட்டார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பதிலை என்னிடம் விட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கு," என்றேன். தமிழில்தான் வந்தது. நெஞ்சில் கைவைத்து, வீட்டுக்காரரையும் காட்டி, இன்னும் கொஞ்சம் சத்தமாக ஒருமுறை சொன்னேன்: "எங்க ரெண்டுபேருக்கும்."