வெர்னா ஹவுக் போட்ட சிவப்பு விளக்கு

வெர்னா ஹவுக்குக்கு பேஸ்பால் ஆடத் தெரியாது. பந்தை எறியச் சொன்னால் பக்கத்து வீட்டு ஜன்னல்தான் உடையும். ஆனால் அயோவாவின் பென்னட் ஃபோர்க்ஸ் ஊரில் நடந்த ஒவ்வொரு ஆட்டத்திலும் எது ஹிட், எது எரர் என்று பத்தொன்பது வருடம் முடிவு சொன்னவர் அந்தப் பெண்மணிதான். காலையில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவார். சாயங்காலம் பார்வையாளர் வரிசைக்கு மேலே இருக்கும் பலகை அறையில் உட்கார்ந்து பென்சில் சீவுவார். கைக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச். பிடித்திருக்க வேண்டிய பந்தை ஒருவன் கோட்டைவிட்டாலோ, கண்டபடி எறிந்தாலோ அதைத் தட்டுவார். எதிரே ஸ்கோர்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். அதுதான் எரர். யாரும் தப்பு செய்யாமலே அடித்தவன் ஓடி முதல் தளத்தைத் தொட்டுவிட்டால் அது ஹிட், விளக்கு கிடையாது. எரிந்தது எரிந்ததுதான், மேயரே வந்து கெஞ்சினாலும் அணையாது. தன் மருமகன் ஆடிய வருடத்தில் மேயர் கெஞ்சியும் பார்த்தார்.

பந்தைத் தடுக்கும் ஆட்டக்காரனை எங்கள் ஊர் அந்த விளக்கை வைத்துத்தான் எடைபோட்டது. விளக்கு குறைவாக எரிந்தால் கெட்டிக்காரன், அதிகம் எரிந்தால் ஓட்டைக் கை. பன்றிப் பண்ணைக்காரர் முதல் பாதிரியார் வரை எல்லோருக்கும் இதே நம்பிக்கைதான், வெர்னாவுக்கும் சேர்த்து. 1982 குளிர்காலத்தில் பனி கொட்டி மூன்று நாள் பள்ளிக்கூடம் மூடியது. வேலை இல்லாத வெர்னா பழைய ஆட்டத் தாள்களை எரிப்பதற்காகக் கீழே இறக்கினார். ஒரு கட்டைப் பிரித்தபோது ஷெல்பி கார்வர் என்ற பெயர் கண்ணில் பட்டது.

ஷெல்பி 1971-இல் இங்கே ஷார்ட்ஸ்டாப் ஆடினான். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே நிற்பவன்தான் ஷார்ட்ஸ்டாப். தரையோடு சீறிவரும் பந்துகளில் பாதி அவன் பக்கம்தான் வரும். ஷெல்பிக்கு அந்த வருடம் முப்பத்தாறு விளக்கு. மூட்டையைக் கட்டச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெர்னா சும்மா பொழுதுபோக்குக்குத்தான் அவன் எத்தனை பேரை அவுட்டாக்கினான் என்று எண்ண ஆரம்பித்தார். எண்ணி முடித்ததும் காபியை ஆறவிட்டு இரண்டாம் தடவை எண்ணினார். அவனுக்கு முன்னாலும் பின்னாலும் ஆடிய யாரும் அவன் கிட்டே வரவில்லை. ஆட்டத்துக்கு ஒரு அவுட் கூடுதலாக எடுத்திருந்தான்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பந்துக்குப் பக்கத்திலேயே போகாதவனுக்கு விளக்கு எரியாது. பந்து அவனைத் தாண்டிப்போகும், அடித்தவனுக்கு ஹிட் என்று எழுதுவார்கள், இவன் காற்சட்டையில் மண்கூட ஒட்டாது. ஓடி விழுந்து தொட்டவனுக்குத்தான் கை நழுவும். அவனுக்குத்தான் விளக்கு எரியும். அந்த முப்பத்தாறு விளக்கையும் போட்டது வெர்னாவின் விரல்தான். ஷெல்பிக்கு ஒரு கடிதம் எழுதினார். பதில் வரவில்லை.

அடுத்த ஏப்ரலில் நோட்டுப் புத்தகம் வந்துவிட்டது. விதிப்படி எழுதும் தாள் தனி, இது வெர்னாவின் சொந்தப் புத்தகம். ஒவ்வொரு பக்கத்திலும் மைதானத்தை வரைந்து கட்டம் கட்டமாகப் பிரித்திருப்பார். ஷார்ட்ஸ்டாப்பின் எல்லைக்குள் வந்த ஒவ்வொரு பந்துக்கும் அது போன கட்டத்தில் ஒரு குறி. அவுட்டானால் டிக், எரரானால் பெருக்கல் குறி, தாண்டிப்போனால் வட்டம். மறுநாள் பள்ளிக்கூட வாசலில், மணி அடிக்கும்வரை பஸ் ஸ்டியரிங்கின்மேல் புத்தகத்தை வைத்துக் கூட்டிப் பார்ப்பார். இதைச் செய்யும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை, யாரும் நன்றி சொல்லவும் போவதில்லை. இரண்டு வருடத்தில் ஒரு பந்தைக்கூட அவர் விட்டதில்லை என்பதை நினைத்தால் இப்போதும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

1984-இல் அணியில் இரண்டு ஷார்ட்ஸ்டாப்கள் இருந்தார்கள். மேனேஜர் க்ளீட்டஸ் பாரோ ஒரு நாள் இவனை, ஒரு நாள் அவனை என்று மாற்றி மாற்றி ஆடவைத்தார். ராய்ஸ் டில்லரி உள்ளூர்ப் பையன். செதுக்கிவைத்த தாடை, கலையாத தலைமுடி. வருடம் முழுக்க ஏழே விளக்கு. எலாதியோ மெர்செடெஸ் டொமினிகன் நாட்டிலிருந்து வந்தவன். பத்தொன்பது வயது, முழங்கால் கிழியாத காற்சட்டை அவனிடம் கிடையாது. அவனுக்கு முப்பத்தோரு விளக்கு. ஒவ்வொரு தடவை எரியும்போதும் திரும்பி விளக்கைப் பார்ப்பான். பார்த்துவிட்டுக் கையுறைக்குள் ஏதோ முணுமுணுப்பான்.

ஆகஸ்ட் கடைசியில் அணியின் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. இருவரில் ஒருவன்தான் இருக்கலாம். மற்றவன் வீட்டுக்கு. முடிவு செய்ய ஹார்வி லிண்ட்குவிஸ்ட் என்ற அதிகாரி ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.

வெர்னா நோட்டோடு பாரோவின் அறைக்குப் போனார். பாரோ சூரியகாந்தி விதையை மென்று காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டிருந்தார்.

"வா அம்மணி. என்ன, பஸ் பாதைக்குப் படம் போட்டுக் கொண்டாந்திருக்கியா?"

"கிண்டலெல்லாம் அப்புறம். ரெண்டு பேருக்கும் முந்நூறு முந்நூறு பந்து வந்திருக்கு க்ளீட்டஸ். டில்லரி அவுட்டாக்கினது நூத்தித் தொண்ணூத்தெட்டு. எலாதியோ இருநூத்தி இருபத்தெட்டு."

"முப்பத்தோரு எரர் வெர்னா! அது கையா, சல்லடையா?"

"அந்த முப்பத்தொண்ணையும் கழிச்சிட்டுத்தான் சொல்றேன். டில்லரியத் தாண்டிப் போனது தொண்ணூத்தஞ்சு. இவனத் தாண்டினது வெறும் நாப்பத்தொண்ணு. முப்பது அவுட் அதிகம்யா. ஒரு முழு ஆட்டத்துக்கே இருபத்தேழுதான்."

பாரோ மெல்லுவதை நிறுத்தினார். நோட்டை வாங்கிப் பார்த்தார். விதை ஒட்டிய விரலால் வட்டங்களைத் தடவினார்.

"தொண்ணூத்தஞ்சா? நான் அங்கேயேதான நிக்கிறேன், எனக்குத் தெரியலயே."

"தாண்டிப் போனா யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியல, பதினேழு வருஷமா."

"ஹார்வி இதையெல்லாம் காதுல போட்டுக்க மாட்டான்" என்றார் பாரோ. "அவனுக்கு ஸ்கோர்போர்டுல விளக்கு எரியுதா, எரியலயா, அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை மட்டும் எரியாம இருக்கட்டும். நான் பேசிப் பாக்கறேன்."

ஞாயிறு மதியம் இரட்டை ஆட்டம். ஒன்று முடிந்ததும் அடுத்தது, ஏழேழு சுற்று. லிண்ட்குவிஸ்ட் வெள்ளைத் தொப்பியோடு வந்து, வெர்னாவின் ஜன்னலுக்கு நேர் கீழே உட்கார்ந்து சுட்ட சோளம் கடித்தார்.

முதல் ஆட்டம் டில்லரியுடையது. மூன்று பந்துகள் அவனைத் தாண்டிப் போயின. ஒன்றுக்கு அவன் அழகாகப் பாய்ந்தும் விழுந்தான், பந்து போய்ச் சேர்ந்த பிறகு. ஊரே கைதட்டியது. விளக்கு எரியவில்லை. வெர்னா பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று வட்டம் போட்டார்.

இரண்டாம் ஆட்டத்தில் எலாதியோ ஆறு சுற்றுவரை எதையும் விடவில்லை. ஏழாவது சுற்று, ஒரு புள்ளி முன்னிலை, இன்னும் ஒரே ஒரு அவுட் பாக்கி. எதிரணிக்காரன் மூன்றாம் தளத்தை ஒட்டி ஓங்கி அடித்தான். அங்கே நின்றவன் நகர்வதற்குள் பந்து போய்விட்டது. எலாதியோ எங்கிருந்து வந்தான் என்றே தெரியவில்லை. நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, புறங்கையால் பந்தை அமுக்கி, முழங்காலில் எழுந்து எறிந்தான். பந்து முதல் தளத்துக்காரன் தலைக்கு மேல் பறந்து பீர்க் கடையில் போய் விழுந்தது. அடித்தவன் இரண்டாம் தளத்தில் போய் நின்றான்.

எலாதியோ எழுந்திருக்கவில்லை. தரையில் இருந்தபடியே ஸ்கோர்போர்டைப் பார்த்தான். மைதானமே பார்த்தது.

அறையில் டெலிபோன் அடித்தது. கீழேயிருந்து பாரோ.

"வெர்னா, கையக் கட்டிக்கிட்டு உக்காரு. அந்தப் பந்த எவனாலயும் பிடிக்க முடியாது. அது ஹிட்டு."

"அடிச்சவன் முதல் தளத்துக்கு வந்தது ஹிட்டுதான். ஆனா எறிஞ்சதுலதான அவன் ரெண்டாம் தளத்துக்குப் போனான்? அது எரர்."

"நீயே நோட்டத் தூக்கிட்டு வந்து அழுத! இப்ப வெளக்கப் போட்டா பையன் கதை முடிஞ்சுது. தெரியுதா இல்லயா?"

"தெரியுது."

"அப்புறம் என்ன பிடிவாதம்?"

வெர்னாவின் விரல் சுவிட்சின்மேல் இருந்தது. ஷெல்பி கார்வர் ஞாபகத்துக்கு வந்தான். விரலை எடுத்துவிடலாம், யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் இன்றைக்கு ஒன்றை மறைத்தால், அந்த நோட்டில் இருக்கும் அறுநூறு குறிகளையும் இனி யார் நம்புவது? முதலில் தானே நம்ப முடியாது.

"இதுல ஒண்ணு பொய்யின்னா எல்லாமே பொய்யி, க்ளீட்டஸ்" என்று சொல்லிவிட்டு சுவிட்சைத் தட்டினார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. டெலிபோனில் பாரோ சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அடுத்தவன் அடித்த பந்து வானத்தில் ஏறி இறங்கி ஒரு கையுறைக்குள் அடங்கியது. ஊர் அணி ஜெயித்தது. வெர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டில் பெருக்கல் குறி போட்டார்.

மரப்படி கிரீச்சிட்டது. லிண்ட்குவிஸ்ட் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"ஜன்னல் திறந்திருந்தது மேடம். நீங்க பேசினது கேட்டுது. போன்ல யாரு?"

"மேனேஜர். வெளக்கப் போடாதேன்னார்."

"அந்தப் பையன் மேல உங்களுக்கு வேண்டாத்தனமா?"

"வேண்டாத்தனமா? நான் பார்த்ததுலயே நல்ல ஷார்ட்ஸ்டாப்ல ஒருத்தன் அவன்."

லிண்ட்குவிஸ்ட் தொப்பியைக் கழற்றினார். "அப்படிச் சொல்லிட்டு, அவன் பொழப்பக் கெடுக்கற வெளக்க நீங்களே போடறீங்க."

"எரர்னா எரர்தான். மத்ததெல்லாம் இதுல இருக்கு."

அவர் நோட்டை வாங்கவில்லை. நின்றபடியே கேட்டார், "முதல் ஆட்டத்துல டில்லரியத் தாண்டி எத்தனை போச்சு?"

"மூணு."

"ரெண்டு."

"மூணு. நாலாவது சுத்துல ஒண்ணு போச்சு. நீங்க அப்போ சோளம் வாங்கக் குனிஞ்சீங்க."

மனிதர் சிரித்துவிட்டார். அப்புறம் உட்கார்ந்தார். பீர்க் கடை பூட்டும்வரை எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார், சில இடங்களில் அந்த ஆட்டம் எப்படிப் போனது என்று கேட்டார். கடைசியில், "இத எனக்குக் குடுங்க" என்றார்.

"முடியாது. நாளைக்கு ஆட்டம் இருக்கு, எழுதணும்."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகச் சொன்னது டில்லரியை. இப்போது அவன் டெ மொய்ன் நகரத்தில் கார் விற்கிறான், அந்தத் தாடைக்கு நன்றாகவே விற்கிறது. இந்தச் செய்தி தெரியாமல் எலாதியோ பெட்டியைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்து மரப்படியின் கீழே உட்கார்ந்திருந்தான். வெர்னாவைப் பார்த்ததும் எழுந்தான்.

"அது எரர்தான் மிஸ் வெர்னா. நான் மோசமா எறிஞ்சேன். உங்க மேல கோபமில்ல, அதச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எங்க போற? டில்லரிதான் போறான். நீ இருக்க."

அவன் நம்பவில்லை. வெர்னா படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து மடியில் வைத்தார். அவன் கட்டங்களின்மேல் விரலை ஓட்டினான்.

"இந்த டிக் எல்லாம் என்னது?"

"நீ அவுட்டாக்கின பந்து."

அவன் எண்ண ஆரம்பித்தான். உதடு அசைய, தன் மொழியில், ஒரு பக்கம், இரண்டு பக்கம். ஐந்தாவது பக்கத்தில் விரல் நின்றுவிட்டது.

"இவ்ளோவா? நான் அந்த வெளக்க மட்டும்தான் எண்ணிக்கிட்டு இருந்தேன் மிஸ் வெர்னா."

"நானும்தான் கண்ணு" என்றார் வெர்னா. "பதினேழு வருஷம்."