தானா போச்சா?

“தானா போச்சா, நீங்க பண்ணீங்களா?”

ஒழுகும் குழாயைத் திருகிக்கொண்டே அப்துல் ஜலீல் கேட்கிறார். வாயில் வாஷரைக் கவ்வியிருப்பதால் கேள்வி பாதிதான் வெளியே வருகிறது. வாசலில் நிற்கும் ஜெயசுதாவுக்கு மீதி மனப்பாடம். “தானாத்தான் போச்சு பாய்” என்கிறாள். அப்படியென்றால் செலவு வீட்டுக்காரருடையது. கைதவறி உடைத்திருந்தால் குடியிருப்பவள் தலையில்.

கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் அவருக்குப் பைக்கடை. ஜிப் போன பையோடு திரும்பி வருகிறவர்களிடம் காலகாலமாகக் கேட்டுவரும் கேள்வி அது. கடைக்குப் பின்னால் வரிசையாக நாலு வீடு கட்டி வாடகைக்கு விட்டபோது கேள்வியும் கூடவே குடிவந்துவிட்டது.

மோசமான வீட்டுக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாடகை தள்ளிப்போனால் வாசலில் வந்து நிற்க மாட்டார். ஆள் கூப்பிட்டுப் பழுது பார்க்கச் சொன்னால் மட்டும் முகம் சுருங்கும். “எட்டிப் பாக்கறதுக்கே சர்வீஸ் சார்ஜ் கேக்கறானுங்கம்மா. எனக்கின்னா கையில்லயா?” குழாய், தாழ்ப்பாள், ஸ்விட்ச் எல்லாம் அவர் கைவேலைதான். கோணலாக இருந்தால் பாய் வேலை என்று அர்த்தம்.

மழைக்காலத்தில் கடைசி வீட்டுச் சாலம்மாள் வந்து, குளியலறை ஸ்விட்சைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறது என்றாள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவந்து சித்தாள் வேலைக்குப் போகிறவள். ஜலீல் ஸ்விட்சைக் கழற்றி, வயரை ஒட்டுப்போட்டு, டேப் சுற்றி மூடினார். “இனிமே இழுக்காது, போம்மா.”

அடுத்த வாரம் ஈரக்கையோடு அதைத் தொட்டவளைத் தூக்கியெறிந்தது. தண்ணீர்த் தொட்டிமேல் விழுந்ததில் வலது கை முறிந்துபோனது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளைப் பார்க்கப் போனார். பழக்கதோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

“ஸ்விட்சு தானா போச்சா, நீ…”

முடிக்கவில்லை. மாவுக்கட்டை மடியில் வைத்தபடி சாலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

“வூடு உங்களுது. செவுரு உங்களுது. உள்ள வயரு வெச்சதும் நீங்கதான். கை மட்டுந்தான் பாய் என்னுது. கையில்லாத சித்தாள எவன் வேலைக்குக் கூப்புடுவான்?”

கடைக்குத் திரும்பியபோது ஒருவர் கிழிந்த பையோடு காத்திருந்தார். ஜலீல் எதுவும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டார். மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே மனைவி காசிம் பீவியிடம், “நான்தான் பண்ணிட்டேன்” என்றார். “கை கூடுற வரிக்கும் வாடக வாங்காதீங்க. மொதல்ல வேல தெரிஞ்ச ஆளக் கூட்டியாங்க” என்றாள்.

சங்கராபுரத்திலிருந்து எலக்ட்ரீஷியன் வந்தார். சுவரை உடைத்து நாலு வீட்டுக்கும் புது வயர் இழுத்தார். எங்காவது கரண்ட் கசிந்து தப்பு நடந்தால் தானே அணைந்துபோகும் ட்ரிப்பரும் மாட்டினார். பாய் ஒரு முறைகூடப் பேரம் பேசவில்லை என்பதை ஜெயசுதா இன்னும் ஆச்சரியமாகச் சொல்கிறாள்.

வேலை முடிந்ததும், “போட்டுப் பாருங்கக்கா” என்று எலக்ட்ரீஷியன் சாலம்மாளை அழைத்தார். அவள் அசையவில்லை.

ஜலீல் எல்லாரையும் விலகச் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டு அவள் வீட்டுக் குளியலறைக்குள் போனார். ஒரு சொம்பு தண்ணீரைத் தரையில் ஊற்றி அதன்மேல் நின்றார். பிறகு வலது கையைத் தொட்டியில் முக்கி எடுத்து, சொட்டச் சொட்ட அந்த ஸ்விட்சைப் போட்டார்.