முதலிடத்தில் மூன்று ஏ

தொண்ணூற்றிரண்டில், அந்த லாண்டரியில் துணி வாங்க வருகிறவர்கள் காத்திருக்கும் மூலையில் முதலாளி ஒரு வீடியோ கேம் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அந்த வருஷம்தான் வெளிவந்த விமானச் சண்டை விளையாட்டு. சாப்பாட்டு நேரத்தில் வேலையாட்கள் சும்மா ஆடிக்கொள்ளலாம் என்றார். மற்றவர்கள் ஒரு வாரத்தில் சலித்துப்போனார்கள். இஸ்திரி அக்காவுக்கு மட்டும் பித்துப் பிடித்தது.

நாள் முழுக்க ஆவியில் வெந்து, கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் "நல்லா செஞ்சே" என்று ஒரு வாய் சொல்லிக் கேட்காதவள். அதிகப் புள்ளி எடுத்தவர்கள் மூன்றெழுத்தில் பேர் பதிக்கும் அந்தப் பெட்டியின் பட்டியலில் அவளுடைய மூன்றெழுத்து எட்டு மாதம் முதலிடத்தில் நின்றது. "அக்காவை அடிச்சுக்க ஆளே இல்ல" என்று வேன் டிரைவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். காதில் விழாத மாதிரி காலரைத் தேய்ப்பாள்.

அப்போதுதான் அவள் நாத்தனார் கவுன்டர் வேலைக்கு வந்து சேர்ந்தாள். ஒரு மதியம் ஒரு கையில் பன், மறு கையில் விளையாட்டு. தின்று முடிப்பதற்குள் அண்ணியின் சாதனையைத் தாண்டிவிட்டாள். பெட்டி பேர் கேட்டது. கையில் ஒட்டிய சர்க்கரையைத் தட்டிக்கொண்டே எழுத்தைத் தேடாமல் பொத்தானை மூன்று தடவை அமுக்கிவிட்டு நகர்ந்தாள். முதலிடத்தில் ஏ, ஏ, ஏ.

"பேர் போடலியா?" என்றாள் அக்கா.

"எதுக்கு அண்ணி? விளையாட்டுதானே."

தோற்றதைக்கூட விழுங்கிவிடலாம். இந்த 'தானே' தொண்டையிலேயே நின்றது. அவள் உயிரைக் கொடுத்துப் பிடித்த இடத்தை ஒருத்தி பேர்கூடப் போடாமல் விட்டுப் போகிறாள்! வீட்டில் நாத்தனார் சிரித்தால் எரிந்தது. தலை சீவினால் எரிந்தது. தினமும் ஒரு மணி நேரம் முன்னாடியே கடைக்கு வந்து ஆடிப் பார்த்தாள், எட்டவில்லை. அந்த நினைப்பிலேயே ஒரு டாக்டரின் வெள்ளைக் கோட்டைக் கருக்கினாள்.

பெட்டியை அணைத்தால் பட்டியல் அழிந்துவிடும் என்று மெக்கானிக் முன்பே சொல்லியிருந்தார். அதனால்தான் முதலாளி அதை அணைக்கவே விடுவதில்லை; கரண்ட் போனாலும் கடை இன்வெர்ட்டரில் ஓடும். அணைத்தால் தன் பேரும் சேர்ந்து போகும். மூன்று நாள் யோசித்தாள். நாலாம் நாள், போனால் ரெண்டும் போகட்டும் என்று, கூட்டுகிற சாக்கில் பிளக்கைப் பிடுங்கினாள்.

எல்லோரும் அவளிடம்தான் துக்கம் விசாரித்தார்கள். நாத்தனாரோ ஒரு படி மேலே போய் முதலாளியிடம் சண்டைக்கே நின்றாள். "எங்க அண்ணியோட எட்டு மாச உழைப்புங்க! யார் பிடுங்கினான்னு கண்டுபிடிங்க!"

அதற்கு மேல் அக்காவால் தாங்க முடியவில்லை. துணி அலமாரிக்குப் பின்னால் அவளை இழுத்துப் போனாள்.

"கத்தாதே. நான்தான் பிடுங்கினேன்."

"நீங்களா? ஏன்?"

"நீ மேல இருந்தே. அதான்."

நாத்தனார் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஹேங்கர்கள் குலுங்கக் குலுங்க. அக்காவுக்கு முகம் செத்துப்போனது.

மறுநாள் நாத்தனார் பன் இல்லாமல் வந்தாள். வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு கையாலும் ஆடி, தன் சொந்த மூன்றெழுத்தை நிதானமாகப் பதித்தாள். "இப்ப வாங்க அண்ணி" என்றாள்.

அடுத்த ஒரு வருஷம் இருவருக்கும் போட்டா போட்டி. அக்கா இரண்டே தடவைதான் முந்தினாள். ஆனால் அந்த இரண்டு நாளும் நாத்தனார் உர்ரென்று இருந்ததைப் பார்த்து, வாழ்நாளில் முதல்முறையாகத் தன்னைப் பார்த்தும் ஒருத்திக்கு வயிறு எரிகிறது என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனாள்.

முதலாளி பெட்டியைக் கடையிலிருந்து எடுத்துப் போன அன்று அக்கா இரண்டாவது இடத்தில் இருந்தாள். வெறும் நாற்பது புள்ளி குறைவு. "பிடிச்சு ஆடுற குச்சி இடதுபக்கம் சரியா திரும்பல" என்று இன்றைக்கும் அடித்துச் சொல்கிறாள்.