ஆளில்லாத வாளி

வெறும் வாளியில், மலை ஊற்றிலிருந்து கொட்டும் பீலித் தண்ணீர் விழுகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது... முதலில் தடதடவென்று, வாளி நிறைய நிறைய அடங்கிப்போகும்.

கொரோனா நேரம். கொழும்பில் ஆபீஸை மூடிவிட்டார்கள். லேப்டாப்போடு டயகம தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கே வந்துவிட்டேன். வேலையில் சேர்ந்து ஐந்து மாதம்தான். ஆறாம் மாதம் நிரந்தரமாக்குவார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா... அந்தப் பயம் வேறு. ஜன்னல் கம்பியில் டொங்கிளைக் கட்டித் தொங்கவிட்டால்தான் சிக்னல்.

என்ன வேலை என்று சொல்கிறேன், ஓடிவிடாதீர்கள்! கம்ப்யூட்டரில் ஒரு ப்ரோகிராம் நெட்வொர்க்கில் பேச வாசல் மாதிரி ஒரு போர்ட்டைப் பிடித்துக்கொள்ளும். யார் எந்தப் போர்ட்டைப் பிடிக்கிறார்கள் என்று பார்த்து, கூடாதவர்களைத் தடுக்க வேண்டும். அதற்கு லினக்ஸின் அடித்தளமான கெர்னலுக்குள்ளேயே ஒரு ஹூக், அதாவது ஒரு காவல், போட வேண்டும்.

நான் எழுதியது எங்கள் பீலி வழக்கத்தைத்தான். லயம் முழுவதற்கும் ஒரே பீலி. வாளியை வரிசையில் வைத்துவிட்டால் இடம் அவர்களுக்கு, ஆள் நிற்கத் தேவையில்லை. அதேபோல, முதலில் போர்ட்டைப் பிடித்த ப்ரோகிராமின் அடையாள நம்பரை ஹூக் குறித்துக்கொள்ளும். வேறு நம்பர் வந்து கேட்டால் மறுத்துவிடும். எனக்கு ஒரே பெருமை.

டெமோவுக்கு முதல் நாள் சாயந்தரம் மானம் கப்பலேறப் பார்த்தது. ப்ரோகிராமை நிறுத்தித் திரும்ப ஓட்டினால் அதன் சொந்தப் போர்ட்டே அதற்குக் கிடைக்கவில்லை! எங்கே தப்பு என்றும் பிடிபடவில்லை.

"மல்லி, காலையில பத்து மணிக்குக் காட்டியே ஆகணும்" என்று எங்கள் லீட் நதீஷா மிஸ் போனில் சிங்களத்தில் சொல்லிவிட்டார். அவருக்கு நான் 'மல்லி', தம்பி. அழுகையே வந்தது.

காலையில் என் அக்கா செல்வி மஞ்சள் வாளியை என் கையில் திணித்துப் பீலிக்கு இழுத்துப் போனாள். அவளுக்குத் தோட்டத்தில் பேர் பதியும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. வரிசையில் முதலில் மேரி அக்காவின் சிவப்பு வாளி. ஆளைக் காணோம். எங்கள் அக்கா அதைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

"என்னா செல்வி, மேரி வாளிய எடுக்குற?" என்று பின்னாலிருந்து ஒருவர் சத்தம் போட்டார்.

"அவங்கதான் நேத்தே மக வீட்டுக்குப் போயிட்டாங்களே... ஆளில்லாத வாளிக்கு எதுக்கு எடம்? வந்தா புதுசா வைக்கட்டும்!"

வாளியை அங்கேயே போட்டுவிட்டு லேப்டாப்புக்கு ஓடினேன். நின்றுபோன ப்ரோகிராமின் பழைய நம்பரை நான் அழிக்கவேயில்லை. திரும்ப ஓடும்போது அதற்குப் புது நம்பர். பழைய நம்பர் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது! ப்ரோகிராம் போர்ட்டை விடும்போது நம்பரை அழிக்க இன்னொரு ஹூக் போட்டேன். பத்து தடவை நிறுத்தி ஓட்டினேன், பத்து தடவையும் ஓடியது. மழை வந்தால் சிக்னல் போய்விடும்; நல்லவேளை, டெமோ முடியும்வரை வரவில்லை. அடுத்த மாதம் வேலையை நிரந்தரமாக்கிய கடிதம் வந்தது.

இப்போது கொழும்பில்தான் இருக்கிறேன். லயத்தில் வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. பீலிப் பக்கம் யாரும் போவதில்லை.

போன பொங்கலுக்குப் போனபோது, அடுப்படிக் குசினி மூலையில் அந்த மஞ்சள் வாளி காய்ந்துபோய்க் கவிழ்ந்திருந்தது.

"இதை ஏன் இன்னும் வச்சிருக்க?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"அது ஒன்னோடதுடா. இருக்கட்டும்."

"ஆளில்லாத வாளிக்கு எதுக்கு எடம்னு நீதானே சொன்ன?"

அக்கா வாளியை நிமிர்த்திக் குழாயடியில் வைத்துத் திறந்துவிட்டாள்... தடதடவென்று அதே சத்தம்.

"குளிச்சிட்டு வா, சாப்பிடலாம்" என்றாள்.